ஸ்கேன் நார்மல், ஆனால் மகனுக்கு 55 டெசிபல் குறைவு: காதைத் திறந்து பார்க்க ஒப்புக்கொள்ளலாமா?

இளந்தென்றல்:

வணக்கம். பல மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், இப்போது கேட்டே ஆக வேண்டிய நிலை.

என் மகனுக்கு 8 வயது. இடது காது சரியாகக் கேட்கவில்லை என்பது போன வருடம் பள்ளியில் காதுப் பரிசோதனை செய்தபோதுதான் தெரிந்தது. வலது காது அருமையாகக் கேட்கிறது, பேச்சு தெளிவு, படிப்பிலும் குறை இல்லை, அதனால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. இப்போது யோசித்தால் எல்லாம் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்து அந்தக் காது தலையணையில் அழுந்திவிட்டால், பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் எழமாட்டான். மறுபக்கம் திரும்பிப் படுத்த நாட்களில் கதவு திறக்கிற சத்தத்துக்கே கண் விழிப்பான். நான் அதை ஆழ்ந்த தூக்கம், லேசான தூக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேட்கும் திறனை அளக்கிற ஆடியோகிராமில் இடது காதில் காற்று வழியாக 55 டெசிபல், எலும்பு வழியாக 10 டெசிபல், அதாவது உள்காது நன்றாக இருக்கிறதாம், சத்தம் அங்கே போய்ச் சேருவதில்தான் தடையாம். செவிப்பறை பார்க்க நன்றாக இருக்கிறது, உள்ளே நீர் இல்லை, காதில் சீழ் வந்ததே கிடையாது. பிறவியிலேயே நடுக்காது எலும்புகளில் ஏதோ கோளாறு என்றார் டாக்டர். சிடி ஸ்கேன் எடுத்தோம், ரிப்போர்ட்டில் 'நடுக்காது எலும்புகள் இயல்பாக உள்ளன' என்று வந்துவிட்டது!

இயல்பாக இருந்தால் ஏன் கேட்கவில்லை? டாக்டர் 'மயக்கம் கொடுத்து செவிப்பறையைத் தூக்கிப் பார்க்கலாம், முடிந்தால் அப்போதே சரிசெய்துவிடலாம்' என்கிறார். இன்னொருவர் 'இப்போது தொடவே வேண்டாம், வளரட்டும்' என்கிறார். முகத்துக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே இருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. எம்ஆர்ஐ எடுத்தால் தெளிவாகத் தெரியுமா? இந்த வழியில் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

முகில்_2:

அக்கா, உங்கள் மகன் கதை அப்படியே என் கதை. எனக்கு வலது காது, 60 டெசிபல், ஸ்கேன் நார்மல். 19 வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். சங்கிலி மாதிரி இருக்கிற சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று நடுக்காது எலும்புகளில் கடைசியான அங்கவடியின் அடித்தட்டு பிறவியிலேயே அசையாமல் ஒட்டிப்போயிருந்தது. எலும்பு இருக்கிறது, வடிவமும் சரி, ஆனால் அசையவில்லை. ஸ்கேன் வடிவத்தைத்தான் காட்டும், அசைவைக் காட்டாது என்று என் டாக்டர் அன்றைக்குச் சொன்னார், அதுவரை எனக்கும் உங்கள் குழப்பம்தான்.

அடித்தட்டில் சின்னத் துளை போட்டு, அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத ஒரு பிஸ்டனைப் பட்டடை எலும்பில் கொக்கி மாதிரி மாட்டிவிட்டார்கள். இரண்டு நாள் படுக்கையில் திரும்பினாலே தலை சுற்றியது. நாக்கின் வலது பாதியில் மூன்று மாதம் உலோகத்தை நக்கின மாதிரி ஒரு சுவை இருந்தது, சுவை நரம்பு செவிப்பறைக்குப் பின்னாலேயே ஓடுகிறதாம், அதை நகர்த்தித்தான் வேலை செய்ய முடியும். பிறகு போய்விட்டது. பஞ்சை எடுத்த அன்று என் சட்டைக் காலர் கழுத்தில் உரசுகிற சத்தம் கேட்டது, அந்தப் பக்கத்திலிருந்து நான் கேட்ட முதல் சின்னச் சத்தம் அதுதான்.

ஆனால் முடிவு என்னுடையதாக இருந்தது, ஆபத்தைக் கேட்டுப் புரிந்துகொண்டு நானே கையெழுத்துப் போட்டேன். 8 வயதுப் பிள்ளைக்கு நீங்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, அது கனமான விஷயம்தான்.

படம்_படிப்பவன்:

தலை, கழுத்துப் பகுதி ஸ்கேன்களைப் படிப்பதுதான் என் தினசரி வேலை. ஒரு சிடியைப் பார்க்காமல் அதைப் பற்றிப் பேசக்கூடாது, அதனால் பொதுவாகச் சொல்கிறேன்.

'இயல்பாக உள்ளன' என்ற ஒரு வரிக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். ஒன்று முகில் சொன்னது, வடிவம் சரி, அசைவு இல்லை. இன்னொன்று, அந்த இடத்தை உன்னிப்பாகப் பார்க்கவே இல்லை. அங்கவடி எலும்பின் மொத்த உயரமே 3 மில்லிமீட்டர் சொச்சம், அதன் இரண்டு கால்களும் நூல் தடிமன். 2 மில்லிமீட்டர் துண்டுகளாக எடுத்த படத்தில் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரிதான் தெரியும். 0.6 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லிய துண்டுகள் வேண்டும், அதைக் கணினியில் அங்கவடியின் தளத்துக்கு இணையாகத் திருப்பிப் பார்க்க வேண்டும், அப்போதுதான் இரண்டு கால்களும் அடித்தட்டும் ஒரே படத்தில் வரும். சளி, சீழ், கட்டி இருக்கிறதா என்று பார்க்கப் பழகிய கண் இதைத் தாண்டிப் போய்விடுவது சாதாரணமாக நடக்கிறது.

அதனால் முதலில் செய்ய வேண்டியது இன்னொரு ஸ்கேன் அல்ல. பிள்ளைக்கு மறுபடி கதிர்வீச்சு தேவையில்லை. பிலிமை விடுங்கள், ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தட்டைக் கேட்டு வாங்குங்கள், அதில் மெல்லிய துண்டுகள் பெரும்பாலும் இருக்கும். காது எலும்பு ஸ்கேன்களைத் தொடர்ந்து பார்க்கிற ஒருவரிடம் கொடுத்து, இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் கேளுங்கள். ஓவல் விண்டோ, அதாவது அங்கவடி உட்காருகிற நீள்வட்டச் சன்னல், திறந்திருக்கிறதா, எலும்பால் மூடியிருக்கிறதா? பட்டடை எலும்பின் நீண்ட கால் முழுசாக இருக்கிறதா, அங்கவடியோடு சேர்கிறதா? சுத்தி எலும்போ பட்டடையோ மேல் கூரையோடு ஒட்டியிருக்கிறதா? முக நரம்பு எந்தப் பாதையில் போகிறது?

கடைசிக் கேள்விதான் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். சாதாரணமாக முக நரம்பு ஓவல் விண்டோவுக்குச் சற்று மேலே எலும்புக் குழாய்க்குள் போகும். கருவில் அங்கவடியின் மேல்பகுதியும் முக நரம்பும் ஒரே திசு வளைவிலிருந்து, இரண்டாவது செவுள் வளைவு என்பதிலிருந்து, வருகின்றன. ஒன்று பிசகினால் மற்றதும் பிசக வாய்ப்பு உண்டு. நரம்பு கீழே இறங்கி ஓவல் விண்டோவின் மேலேயே படுத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சில சமயம் அதைச் சுற்றி எலும்பு உறையே இருக்காது. கோரோனல் தளத்தில், அதாவது முகத்துக்கு இணையான வெட்டில், வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். தெரிந்துகொண்டு உள்ளே போவதும் தெரியாமல் போவதும் ஒன்றல்ல.

இன்னொன்று, ஆண் பிள்ளை என்பதால் சொல்கிறேன். எக்ஸ் குரோமோசோமில் POU3F4 எனப்படும் ஒரு ஜீன் பிறழ்வால் உள்காதுக்கும் மூளைத் திரவம் வருகிற கால்வாய்க்கும் நடுவே இருக்க வேண்டிய எலும்புத் தடுப்பு இல்லாமல் போகும். ஆடியோகிராமில் அங்கவடிக் கோளாறு மாதிரியே தெரியும். தெரியாமல் அடித்தட்டில் துளை போட்டால் திரவம் ஊற்றாகப் பீறிட்டு வரும், கொஞ்ச நஞ்சம் இருந்த கேட்கும் திறனும் போய்விடலாம். இது பெரும்பாலும் இரண்டு காதிலும் வரும், நரம்புக் குறைவும் சேர்ந்திருக்கும், ஆகவே உங்கள் மகனுக்கு இருக்க வாய்ப்பு குறைவுதான். ஆனாலும் சிடியில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம், பார்த்ததாக எழுதி வாங்குங்கள்.

எம்ஆர்ஐ இதற்கு உதவாது. எலும்பும் காற்றும் அதில் இரண்டுமே கறுப்பு, எலும்புச் சங்கிலி தெரியாது. உள்காதுத் திரவம், கேட்கும் நரம்பு, பிறவிக் கொலஸ்டியடோமா என்கிற தோல் கட்டி, இவற்றில் சந்தேகம் வந்தால்தான் அது.

இளந்தென்றல்:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பிலிமின் ஓரத்தில் 2 மி.மீ. என்று இருக்கிறது. ஸ்கேன் மையத்துக்குப் போன் செய்தேன், 0.6 மி.மீ. துண்டுகள் கணினியில் இருப்பதாகவும் தட்டில் போட்டுத் தருவதாகவும் சொன்னார்கள்.

ஒரு விஷயம் கேட்கட்டுமா? டாக்டர் ஒரு இசைக்கவையைத் தட்டி இவன் நெற்றியில் வைத்து எந்தப் பக்கம் கேட்கிறது என்றார். இவன் உடனே இடது காதைத் தொட்டான். கேட்காத காதைக் காட்டுகிறானே, விளையாடுகிறானோ என்று நான் அதட்டிவிட்டேன். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார்.

அப்புறம், நான் கருவுற்றிருந்தபோது ஆரம்பத்தில் காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிட்டேன். அதனாலா?

படம்_படிப்பவன்:

அவன் சரியாகத்தான் சொன்னான், அதட்டியதற்கு அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வெளிச் சத்தம் நடுக்காதில் தடைபடும்போது, மண்டை எலும்பு வழியாக வருகிற அதிர்வு அந்தக் காதில்தான் பெரிதாகக் கேட்கும். நரம்புக் கோளாறாக இருந்திருந்தால் நல்ல காதைக் காட்டியிருப்பான். உங்கள் காதை விரலால் அடைத்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள், அடைத்த காதில் சத்தம் கூடும்.

மாத்திரை பற்றி: தாலிடோமைடு, முகப்பருவுக்குக் கொடுக்கிற ஐசோட்ரெட்டினாயின் போன்ற சில மருந்துகள் காதைப் பாதிப்பது உறுதியாகத் தெரிந்தது. அவை சாதாரணக் காய்ச்சல் மாத்திரைகள் அல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணம் இதுதான் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நேர்வழி77:

ஒரு காது நன்றாக இருக்கிறது அல்லவா, எதற்கு இவ்வளவு? என் அண்ணனுக்கும் ஒரு காது கேட்காது, நன்றாகத்தான் இருக்கிறார். கத்தி வைக்காமல் விடுங்கள்.

சிறுசெவி:

நேர்வழி, கத்தி வைக்காமல் விடலாம் என்பது வேறு, ஒன்றும் செய்யாமல் விடலாம் என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். ஒரே காதோடு இருக்கிற பிள்ளைக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. சாலையில் வண்டி எந்தப் பக்கம்? வகுப்பில் பின்னால் பேசுவது யார்? இரைச்சலில் ஆசிரியர் சொன்னதைப் பாதி ஊகித்துக்கொள்ளும், அந்த ஊகிப்பிலேயே களைத்துப்போகும். வெளியே தெரியாது.

என் மகளுக்கு இரண்டு பக்கமும் காதுத் துளையே இல்லாமல் பிறந்தது, மடலும் சிறியது. அவளுடைய உள்காது நன்றாக இருந்தது, ஏனென்றால் கருவில் உள்காது தனியாக வேறொரு திசுவிலிருந்து உருவாகிறது. அதனால் சில மாதக் குழந்தையிலேயே தலையைச் சுற்றிக் கட்டுகிற மெத்தென்ற பட்டையில், மண்டை எலும்பு வழியாகச் சத்தம் கடத்துகிற கருவி மாட்டினோம். பேச்சு சரியான வயதில் வந்தது. அறுவை சிகிச்சைக்கு அவசரம் இல்லை, பிள்ளைக்குக் கேட்க வைப்பதற்குத்தான் அவசரம், இதை எல்லாப் பெற்றோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

5 வயதுக்கு மேல்தான் சிடி எடுத்தோம். ஜார்ஸ்டோர்ஃபர் மதிப்பெண் என்று ஒன்று போடுகிறார்கள், 1992-இல் வந்த முறை, மொத்தம் 10. அங்கவடிக்கு மட்டும் 2, மீதி எட்டு விஷயங்களுக்குத் தலா 1: உள்காதின் இரண்டு சன்னல்கள், நடுக்காது இடம், முக நரம்பு, காதுக்குப் பின்னெலும்பில் காற்றறைகள், இப்படி. 8 அல்லது அதற்கு மேல் என்றால் துளை அமைக்கும் அறுவையில் நல்ல பலன் எதிர்பார்க்கலாம், 5 அல்லது அதற்குக் கீழ் என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். அவளுக்கு 5. அழுதேன். அப்புறம் யோசித்தால், அந்த எண் எங்களை ஒரு பலன் தராத அறுவையிலிருந்து காப்பாற்றியது. எலும்பில் பதிக்கிற கருவி வைத்தோம், இன்று பாட்டு வகுப்புக்குப் போகிறாள்.

இளந்தென்றல், உங்கள் மகனுக்குக் காதுத் துளை இருக்கிறது. அவனுக்குச் சாதாரணக் காதுக் கருவியே போதும். அதை யாராவது சொன்னார்களா?

இளந்தென்றல்:

யாரும் சொல்லவில்லை. அறுவையா வேண்டாமா என்று மட்டும்தான் பேச்சு.

காது_மருத்துவன்:

காது அறுவை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், சிறுசெவி சொன்னதுதான் முதல் படி. உள்காது நன்றாக இருந்து சத்தம் கடத்துவதில் மட்டும் குறை இருக்கும் பிள்ளைகளுக்குக் கருவி நன்றாக வேலை செய்யும், சத்தத்தைக் கூட்டினால் போதும், தெளிவு கெடாது. ஒரு மாதம் போட்டுப் பார்க்கட்டும்.

இனி அறுவை. 1993-இல் தியூனிசன், கிரெமர்ஸ் இருவரும் இந்தக் கோளாறுகளை நான்காகப் பிரித்தார்கள், இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். அங்கவடி மட்டும் ஒட்டியிருப்பது ஒன்று. அங்கவடியும் ஒட்டி, சங்கிலியில் வேறு கோளாறும் இருப்பது இரண்டு. அடித்தட்டு அசைகிறது, மேலே சங்கிலி மட்டும் அறுந்தோ ஒட்டியோ இருப்பது மூன்று. ஏதாவது ஒரு சன்னலே உருவாகாதது நான்கு. மூன்றாவது வகையில் உள்காதைத் திறக்க வேண்டியதில்லை, இடையில் ஒரு செயற்கை எலும்பு வைத்தால் பெரும்பாலும் நல்ல பலன், ஆபத்தும் குறைவு. ஒன்றிலும் இரண்டிலும் உள்காதில் துளை போட வேண்டும், அங்கேதான் அந்தக் காது முற்றிலும் கேட்காமல் போகும் சிறிய ஆபத்து இருக்கிறது. நான்காவதில் பலன் மோசம், பல சமயம் பார்த்துவிட்டு மூடிவிடுவோம்.

மூடிவிட்டு வருவது தோல்வி அல்ல. நரம்பு சன்னல் மேல் படுத்திருந்தால் நிறுத்துவதுதான் சரியான அறுவை. ஆகவே உங்கள் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'உள்ளே எதைக் கண்டால் நிறுத்துவீர்கள்?' இதற்குத் தயங்காமல் பதில் வந்தால் அவரை நம்பலாம். அறுவையின்போது முக நரம்பைக் கண்காணிக்கிற மானிட்டர் போடுவாரா என்றும் கேளுங்கள்.

அங்கவடித் தசை ரிஃப்ளெக்ஸ் பார்த்தார்களா? சத்தம் கொடுத்து, அந்தக் காதிலேயே தசை இழுக்கிறதா என்று அளப்பது. எலும்பு ஒட்டியிருந்தாலும் அறுந்திருந்தாலும் பொதுவாக வராது. அழகாக வந்தது என்றால் நடுக்காதைத் தொடுவதற்கு முன் நிறுத்தி, உள்காதில் வேறு ஓட்டை இருக்கிறதா என்று சிடியைத் திரும்பப் பார்க்க வேண்டும், மேல் அரைவட்டக் குழாயில் எலும்பு திறந்திருந்தாலும் ஆடியோகிராம் இப்படியே காட்டும்.

வயது பற்றி. பிறவிக் கோளாறு அப்படியே நிற்கும், அதிகமாகாது. குறைவு வருடத்துக்கு வருடம் கூடினால் அது வேறு நோய், அங்கவடியைச் சுற்றி எலும்பு வளர்ந்து அதை இறுக்குகிற ஓட்டோஸ்கிளிரோசிஸ் சிறுவர்களுக்கும் வரும். ஆறு மாதத்துக்கு ஒரு ஆடியோகிராம் எடுங்கள். ஒரு காது நன்றாக இருக்கும்போது உள்காதைத் திறக்க வேண்டிய அறுவையை, பிள்ளை தானே புரிந்து சம்மதம் சொல்கிற வயதுவரை தள்ளிவைப்பதுதான் என் வழக்கம். சங்கிலி மட்டும் அறுந்த வகை என்று சிடியில் தெளிவாகத் தெரிந்தால் முன்பே செய்வேன். என்னோடு ஒத்துப்போகாத நல்ல மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

இளந்தென்றல்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தட்டைக் கொண்டுபோய்க் காட்டினோம். அந்த டாக்டர் திரையில் படத்தைத் திருப்பித் திருப்பி வைத்து எனக்கும் காட்டினார். வலது காதில் அங்கவடி குட்டியாக, இரண்டு காலோடு, குதிரைச் சேணத்தில் தொங்குகிற வளையம் மாதிரியே இருந்தது. இடது காதில் அந்த இடத்தில் ஒற்றைக் குச்சி மாதிரி ஒன்று, அதுவும் வளைந்து. முக நரம்பு கீழே இறங்கி ஓவல் விண்டோவின் மேல் பாதியை மறைத்திருக்கிறது. சன்னல் திறந்திருக்கிறதா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை என்றார். உள்காதுத் தடுப்பு நன்றாக இருக்கிறது, அதை எழுதியும் கொடுத்தார். ரிஃப்ளெக்ஸ் வரவில்லை.

பழைய டாக்டரிடமே போய் இதைக் காட்டினேன். படங்களைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, 'இது தெரிந்திருந்தால் இப்போதே திறக்கலாம் என்று சொல்லியிருக்கமாட்டேன்' என்றார், அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு மரியாதை கூடியது. கருவி வாங்கிவிட்டோம். முதல் இரண்டு நாள் தண்ணீர்க் குழாய் சத்தம் அதிகம் என்று கழற்றிக் கழற்றி வைத்தான். நேற்று மாடிப்படியில் நான் பின்னால் வரும்போது, இடது பக்கம் திரும்பி 'அம்மா, மெதுவா வா' என்றான். எந்தப் பக்கம் வருகிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

12, 13 வயதில் மறுபடி யோசிக்கலாம் என்று விட்டிருக்கிறோம். அப்போது திரும்பவும் சிடி எடுக்க வேண்டுமா?

படம்_படிப்பவன்:

பெரும்பாலும் வேண்டாம். அந்த எலும்புகளும் உள்காதும் பிறக்கும்போதே பெரியவர்களுக்கு இருக்கிற அளவில்தான் இருக்கும், அதற்குப் பிறகு வளர்வதில்லை. நரம்பின் பாதையும் மாறப்போவதில்லை. புதிதாக ஏதாவது தொந்தரவு வந்தால் மட்டும் வேறு பேச்சு. ஆனால் ஸ்கேன் மையங்கள் பழைய படங்களைச் சில வருடத்தில் அழித்துவிடுவது உண்டு, தட்டும் கீறல் விழுந்தால் திறக்காது. மெல்லிய துண்டுகள் உள்ள கோப்பு முழுவதையும் இரண்டு இடத்தில் நகல் எடுத்து, ஆடியோகிராம், ரிஃப்ளெக்ஸ் தாள்களோடு சேர்த்து வையுங்கள்.